சேலை ஒன்று, சட்டி ஒன்று, நேற்றைய பாண்: வீட்டிலேயே செய்துகொள்ள ஒரு சிக்கன வழிகாட்டி

எங்கள் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு துணி மூட்டை எப்போதும் இருக்கும். கிழிந்த சாரம், சாயம் போன சேலை, பிள்ளைகளுக்குக் குட்டையாகிப் போன உடுப்பு எல்லாம் அதற்குள் போகும். அம்மம்மா தொடக்கிய பழக்கம் அது. அவர் காலத்தில் கோதுமை மா வந்த துணிச் சாக்கைக்கூட அவித்து வெளுத்து உள்பாவாடை தைத்தார்களாம். இன்று மா வரும் சாக்கு பிளாஸ்ரிக் இழை, அதில் எதுவும் தைக்க முடியாது. ஆனால் மூட்டை மட்டும் இன்னும் இருக்கிறது. நான் வீட்டில் தைப்பது எல்லாமே அந்த மூட்டையில் இருந்துதான் தொடங்குகிறது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிக்கனமாக ஏதாவது செய்யப் போகிறேன் என்று கடைக்குப் போய் புதுத் துணி, லேஸ், அச்சுத் தட்டு, கேக் தட்டு என்று வாங்கி வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். செய்து முடிக்கும்போது கடையில் வாங்குவதைவிடக் கூடுதலாகச் செலவாகியிருக்கும். என்ன செய்யலாம் என்று யோசிக்க முன்னர், வீட்டில் எறியப் போகும் பொருள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதிலிருந்து வேலையைத் தேர்ந்தெடுங்கள். கீழே சொல்லும் எதற்கும் இந்த ஒழுங்குதான். 2022இல் இலங்கையில் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற மாதங்களில் எங்கள் வீடு தாக்குப்பிடித்ததும் இப்படித்தான்.

மெசினும் உப்புக் காற்றும்

தையல் மெசின் இல்லாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். கீழே உள்ள எல்லாவற்றையும் கையாலும் தைக்க முடியும், நேரம்தான் கூடும்.

மெசின் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருகோணமலையில் கடலில் இருந்து எவ்வளவு தள்ளி இருந்தாலும் உப்புக் காற்று வீட்டுக்குள் வரும். நான் உப்புவெளிப் பக்கம் இருக்கிறேன். மாரியில் வாடைக் காற்று தொடங்கிவிட்டால் இரண்டு வாரத்துக்குள் ஊசி துருப்பிடித்துவிடும். ஒருமுறை மெசினிலேயே விட்டிருந்த ஊசியால் மகளின் வெள்ளைச் சீருடையைத் தைத்தேன். தையல் நெடுக மண்ணிறப் புள்ளிகள். தேசிக்காய்ச் சாறும் உப்பும் பூசி வெயிலில் போட்டு, காய்ந்ததும் கழுவி, இப்படி மூன்று நாள் செய்த பிறகுதான் கறை போனது. நூல் துணியில் துருக்கறை பட்டால் இதையே செய்யுங்கள். பிளீச் மட்டும் போடாதீர்கள், துருக்கறை அதில் இன்னும் இறுகிவிடும்.

தைத்து முடித்ததும் ஊசியைக் கழற்றி, மெசின் எண்ணெய் தடவிய துணித் துண்டில் குத்தி, மூடியுள்ள தகரப் பேணியில் வையுங்கள். அடுத்த முறை போட முன்னர் வெறும் துணியில் இரண்டு அங்குலம் ஓட்டி எண்ணெயைத் துடைத்துக்கொள்ளுங்கள். மெசினுக்குத் தேங்காய் எண்ணெய் விடவே கூடாது. முதல் நாள் நன்றாக ஓடும், சில வாரத்தில் பிசின் போல் பிடித்து, சக்கரமே சுற்றாது. ஒரு சின்னப் போத்தல் மெசின் எண்ணெய் இரண்டு வருடம் வரும், அதை வாங்கத் தயங்க வேண்டாம்.

வோயில் சேலை போன்ற மெல்லிய துணிக்கு 11ஆம் இலக்க ஊசி, பைக்கும் சாரத்துக்கும் 14. இந்த இரண்டும் இருந்தால் குடும்பத் தையலுக்குப் போதும்.

ஒரு சேலையில் ஆறு பை

2025 நவம்பரில் இருந்து கடைகளில் கைபிடி வைத்த சொப்பிங் பையை இலவசமாகத் தரக்கூடாது என்றாகிவிட்டது. சந்தைக்குப் போனால் கையில் பை வேண்டும். அதனால் தையல் பழகுபவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை இதுதான். நேர்த் தையல் மட்டும்தான், வளைவு எதுவும் இல்லை.

நூல் சேலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக ஐந்தரை மீற்றர் நீளம், 115 சென்ரிமீற்றர் அளவு அகலம் இருக்கும். சேலையை யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கொசுவம் வரும் இடமும் இடுப்பில் செருகும் இடமும் நைந்துபோய் வெளிச்சம் கூடுதலாகத் தெரியும். அந்த இடத்தில் சோக்கால் குறி போட்டு, பைக்கு எடுக்காமல் விடுங்கள். முழுச் சேலையும் நன்றாக இருந்தால் ஆறு பை வரும். பெரும்பாலும் நாலோ ஐந்தோதான் வரும், அதுவும் நல்ல கணக்குத்தான்.

தனி மடிப்புச் சேலைத் துணி ஒரு பூசணிக்காய்ப் பாரத்துக்குக்கூட நிற்காது. எனவே இரட்டையாக வெட்ட வேண்டும். சேலையின் நீளப் பக்கமாக 42 சென்ரிமீற்றர், அகலப் பக்கமாக 98 சென்ரிமீற்றர் என்று இரண்டு துண்டு வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து நாலு பக்கமும் ஓரத்தில் ஒரு ஓட்டுத் தையல் போடுங்கள். இனி அது ஒரே துணி. அகலத்தில் மிஞ்சும் 17 சென்ரிமீற்றர்ப் பட்டையைத் துண்டுபோடாமல் சேலை நீளத்துக்கே விட்டு, அதில் இருந்து 10 சென்ரிமீற்றர் அகலம், 60 சென்ரிமீற்றர் நீளத்தில் கைபிடிக்கு இரண்டு துண்டு எடுக்கலாம். பட்டை போதாமல் வந்தால் சேலையின் கடைசியில் மிஞ்சும் துண்டு இருக்கிறது.

இப்போது தைப்போம். பைத் துணியின் 98 சென்ரிமீற்றர் நீளம் பாதியாகும்படி மடியுங்கள், நல்ல பக்கம் வெளியே தெரியட்டும். மடிப்பு கீழே வரும், அதுதான் பையின் அடி. இரண்டு பக்கமும் அரைச் சென்ரிமீற்றர் உள்ளே தள்ளித் தையுங்கள். பிசிறை நறுக்கி, பையைப் புரட்டி, மூலைகளை அகப்பைக் காம்பால் வெளியே தள்ளி, அந்த இரண்டு பக்கத்தையும் இன்னொரு முறை, இந்தத் தடவை ஒரு சென்ரிமீற்றர் உள்ளே, தையுங்கள். முதல் தையலின் பிசிறு இரண்டாம் தையலுக்குள் மூடுண்டு போகும். உள்ளே நூல் தொங்காது, அரிசி மணி மாட்டாது, தோய்த்தாலும் பிரியாது. ஓவர்லொக் மெசின் இல்லாத வீட்டுக்கு இதைவிட நல்ல தையல் கிடையாது.

அடி தட்டையாக நிற்க வேண்டுமென்றால், பை புரட்டியிருக்கும்போதே அடி மூலையைப் பிடித்து, பக்கத் தையல் அடி மடிப்பின் மேல் நேராக விழும்படி முக்கோணமாக இழுங்கள். நுனியில் இருந்து ஐந்து சென்ரிமீற்றர் தள்ளிக் குறுக்கே தையுங்கள். மற்ற மூலையும் அப்படியே. பைக்கு இப்போது பத்துச் சென்ரிமீற்றர் அகலமான அடி வந்துவிட்டது, தயிர்ச் சட்டியும் சரியாமல் நிற்கும்.

கைபிடித் துண்டை நீளவாக்கில் இரண்டு ஓரமும் நடுவுக்கு வரும்படி மடித்து, பிறகு மறுபடியும் பாதியாக மடித்தால் இரண்டரைச் சென்ரிமீற்றர்ப் பட்டி கிடைக்கும். இரண்டு ஓரமும் தையுங்கள். பையின் வாயை ஒரு சென்ரிமீற்றர், பிறகு மூன்று சென்ரிமீற்றர் என்று மடித்து, கைபிடியின் நுனிகளை அந்த மடிப்புக்குள் செருகித் தையுங்கள். கைபிடி பொருந்தும் இடத்தில் ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் போடுவது அவசியம். பை கிழிவது எப்போதும் அந்த இடத்தில்தான். மீனுக்கு மட்டும் ஒரு பையைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். எவ்வளவு தோய்த்தாலும் மணம் போகாது, அதில் பாண் வாங்கி வந்தால் பிள்ளைகள் தொடமாட்டார்கள்.

நைந்த துணி எதற்கு நல்லது

பைக்கு ஆகாத நைந்த பகுதிதான் பச்சைப் பிள்ளைக்கு மிக நல்லது. பல வருடம் தோய்த்த நூல் சேலையின் மென்மை எந்தக் கடைத் துணியிலும் கிடைக்காது. 75 சென்ரிமீற்றருக்கு 100 என்ற அளவில் நாலு துண்டு வெட்டி அடுக்கி, கையாலேயே மூன்று சென்ரிமீற்றர் இடைவெளியில் நீளவாக்கில் ஓட்டுத் தையல் போடுங்கள். ஓரத்துக்குச் சேலைக் கரையையே பட்டியாகப் பிடிக்கலாம். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மாலையில் இருந்து தைக்க ஏற்ற வேலை. எங்கள் வீட்டில் மூத்தவளுக்குத் தைத்த விரிப்பு, பிறகு தங்கச்சியின் மூன்று பிள்ளைகளையும் தாங்கிவிட்டு இப்போது அயன் மேசையில் கிடக்கிறது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். நைந்த சேலையில் ஏணை கட்டவே வேண்டாம். பிள்ளையின் பாரமும் ஆட்டமும் ஒரே மடிப்பில் விழும், துணி சொல்லாமல் கிழியும். ஏணைக்கு நல்ல திடமான சேலைதான் வேண்டும், கட்டும் கயிற்றையும் முடிச்சையும் ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். சிக்கனம் பார்க்கக்கூடாத இடம் அது.

சீருடையை இரண்டு வருடம் போட வைப்பது

வீட்டில் தைக்கத் தெரிந்தால் உண்மையில் காசு மிஞ்சுவது இங்கேதான். பைக்கும் விரிப்புக்கும் கொஞ்சம்தான். பள்ளிக்கூட உடுப்பில் வருடாவருடம் மிஞ்சும்.

பெண் பிள்ளைகளின் வெள்ளைக் கவுணைத் தைக்கக் கொடுக்கும்போதே, “அக்கா, கீழே ஐந்து விரல் மடிப்பு விடுங்கோ, பக்கத்திலயும் ஒரு விரல் கூட விடுங்கோ” என்று சொல்லிவிடுங்கள். கூலி ஏறாது, துணியும் கொஞ்சம்தான் கூடும். அரசாங்கம் தரும் இலவசச் சீருடைத் துணியில் சிறிய பிள்ளைகளுக்கு இந்த அளவு பெரும்பாலும் மிஞ்சவே செய்யும். பிள்ளை வளர்ந்ததும் மடிப்பைப் பிரித்து இறக்கலாம். பழைய மடிப்புக் கோடு அழுக்காகத் தெரிந்தால், வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து, ஒரு துணியை நனைத்துக் கோட்டின் மேல் வைத்து, சூடாக அயன் பண்ணுங்கள். இரண்டு மூன்று தடவையில் கோடு மங்கும். அப்புறம் நீலம் போட்டு அலசி வெயிலில் காயவிட்டால் கிட்ட வந்து பார்த்தால்தான் தெரியும்.

ஆண் பிள்ளைகளின் சேட்டில் முதலில் போவது கொலர்தான். மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கும், கழுத்து உரசும் மடிப்பில் மட்டும் நூல் பிரிந்து பஞ்சாக நிற்கும். அந்தச் சேட்டை எறிய வேண்டாம், கொலரைப் புரட்டிப் போடலாம். அப்பாவின் அலுவலகச் சேட்டுகளுக்கு அம்மா செய்து பார்த்து நான் கற்றுக்கொண்டது. முதல் தடவை ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும், பழகினால் முக்கால் மணித்தியாலம் போதும்.

1. கொலரைத் தூக்கிப் பாருங்கள். கழுத்தைச் சுற்றி நிற்கும் பட்டி ஒன்று, அதன் மேல் விளிம்பில் செருகித் தைத்த மடியும் கொலர் ஒன்று. நாம் கழற்றப் போவது மேலே உள்ள கொலரை மட்டும். பட்டி சேட்டோடேயே இருக்கட்டும்.

2. கொலரின் நடுவையும் பட்டியின் நடுவையும் கண்டுபிடித்து, நிற நூலால் ஒவ்வொரு தையல் போடுங்கள். இந்தக் குறி இல்லாமல் பிரித்தால் திரும்பப் பொருத்தும்போது ஒரு நுனி நீண்டும் மற்றது குட்டையாகவும் வரும்.

3. பட்டியின் மேல் விளிம்புத் தையலை மட்டும் பிரியுங்கள். தையல் பிரிப்பான் இல்லாவிட்டால் பழைய பிளேட் வேண்டாம், துணி வெட்டுப்பட்டுவிடும். தடித்த ஊசியால் நாலு தையலுக்கு ஒன்றாகத் தூக்கிச் சின்னக் கத்தரிக்கோலால் வெட்டினால் மறுபக்க நூல் தானே கழன்று வரும்.

4. கொலர் தனியாகக் கையில் வந்ததும் நூல் துண்டுகளைப் பொறுக்கி எடுங்கள். பஞ்சாகிப்போன கோட்டின் மேல் வெள்ளை நூலால் நெருக்கமாக வளைதையல் போட்டு இறுக்குங்கள். இனி இந்தப் பக்கம் அடியில் போகப்போகிறது, வடிவு பற்றிக் கவலை இல்லை.

5. கொலரைப் புரட்டுங்கள். நல்ல பக்கம் மேலே. நடுக்குறிகள் இரண்டையும் சேர்த்து, பட்டியின் இரண்டு மடிப்புக்கும் நடுவே செருகி, நடுவில் இருந்து நுனியை நோக்கிக் குண்டூசி குத்துங்கள். பிறகு கையால் ஒரு தற்காலிகத் தையல். குண்டூசியோடு மட்டும் மெசினில் கொடுத்தால் துணி வழுக்கிவிடும்.

6. பழைய தையல் துளைகள் தெரியும், அதே கோட்டில் தையுங்கள். அயன் பண்ணிப் பாருங்கள். புதுக் கொலர் போல நிற்கும்.

 

இலவம் பஞ்சுத் தலையணை

இலவு காத்த கிளி ஏமாந்தது, நமக்கு அது பயன்படும். பங்குனி, சித்திரையில் இலவங்காய் வெடிக்கும். மரம் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் பொறுக்கிக்கொள்ளச் சொல்வார்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, பஞ்சை ஒரு உயரமான வாளியில் போட்டு, கவட்டுத் தடியால் சுழற்றுங்கள். விதை அடியில் போய்விடும், பஞ்சு மேலே நிற்கும். 45க்கு 65 சென்ரிமீற்றர்த் தலையணைக்கு ஒரு கிலோவுக்குக் கிட்டப் பஞ்சு வேண்டும். உறை நெருக்கமாக நெய்த துணியாக இருக்கட்டும், பழைய சேலை இதற்கு ஆகாது, பஞ்சு வெளியே வரும். வாரத்துக்கு ஒருமுறை வெயிலில் போட்டால் போதும், தோய்க்கக் கூடாது. இலவம் பஞ்சில் தீ நொடியில் பற்றும். நுளம்புச் சுருளையும் விளக்கையும் அதன் பக்கத்தில் வைக்காதீர்கள்.

நேற்றைய பாணில் புடிங்

சரி, குசினிக்கு வருவோம். நாட்டின் கோதுமை மாவில் பெரும்பங்கு நம் சீனக்குடாவில் உள்ள பிரிமா ஆலையில்தான் அரைபடுகிறது, ஆனால் கோதுமை விளைவது வேறு தேசத்தில். டொலர் ஏறினால் பாண் விலையும் ஏறும். ஒரு துண்டுப் பாணை எறிவதென்றால் எனக்கு மனம் ஒப்பாது.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் பெருநாளுக்கு வட்டிலப்பம் செய்வார்கள். முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் தாராளமாகப் போடும் பண்டம். அதன் ருசியை நினைத்து, முட்டையைக் குறைத்து, மிஞ்சிய பாணைச் சேர்த்துச் செய்வது இது. வட்டிலப்பத்துக்கு இணை என்று சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆறு பேருக்கு இனிப்பாகப் போதும்.

அரை இறாத்தல் பாண், அதாவது ஏறத்தாழ 225 கிராம், முதல் நாள் வாங்கியது. ஒரு தேங்காயின் கட்டிப்பால் 400 மில்லிலீற்றர். முட்டை மூன்று. பனங்கட்டி 150 கிராம். ஏலக்காய் மூன்று, சாதிக்காய் கொஞ்சம், உப்பு ஒரு சிட்டிகை, பாத்திரத்தில் தடவ ஒரு தேக்கரண்டி நெய் அல்லது மாஜரின். பனங்கட்டி இல்லாவிட்டால் சர்க்கரை போடலாம், வெறும் சீனியில் ருசி வெளிறிப்போகும்.

பாணை முதலில் கவனமாகப் பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்கு மூன்றாம் நாளே பூஞ்சணம் பிடித்துவிடும். ஒரு சின்னப் பச்சைப் புள்ளி இருந்தாலும் முழுப் பாணையும் விட்டுவிடுங்கள், அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுப்பது போதாது. நல்ல பாணைக் கரையோடேயே சின்னத் துண்டாகப் பிய்த்து, தேங்காய்ப்பாலில் இருபது நிமிடம் ஊறவிடுங்கள். ஊறியதும் கையால் நன்றாகப் பிசையுங்கள். கட்டி இல்லாமல் வேண்டுமென்றால் மிக்சியில் ஒரு சுற்று. எனக்குக் கொஞ்சம் பருக்கையாக இருப்பதுதான் பிடிக்கும்.

பனங்கட்டியை உடைத்து, கால் கப் தண்ணீரில் மெல்லிய நெருப்பில் கரைத்து, வடிகட்டுங்கள். வடிகட்டாமல் விட்டால் பல்லில் மண் கடிபடும். அது கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறும்வரை பொறுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் புடிங் கெட்டுவிடும். சூடான பாகில் முட்டையை விட்டால் அப்போதே அவிந்து திரிந்துபோகும், பிறகு எவ்வளவு அவித்தாலும் இறுகாது. ஆறியதும் முட்டையை வேறாக அடித்து, நுரையை அகற்றி, பாகோடும் பாணோடும் கலந்து, ஏலக்காய்த் தூளும் சாதிக்காயும் உப்பும் சேருங்கள்.

நெய் தடவிய பாத்திரத்தில் முக்கால் பங்கு ஊற்றி, வாயைச் சுத்தமான துணியால் கட்டுங்கள். மூடியில் இருந்து சொட்டும் தண்ணீர் புடிங்கில் விழாமல் இருக்கத்தான் இந்தத் துணி. பெரிய பானையில் தண்ணீர் கொதித்ததும் உள்ளே ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன் மேல் பாத்திரத்தை வைத்து மூடி, நெருப்பைக் குறையுங்கள். நாற்பதில் இருந்து நாற்பத்தைந்து நிமிடம். நெருப்பு கூடினால் புடிங்கில் தேன்கூடு போல ஓட்டை விழும். நடுவில் ஈர்க்கைக் குத்திப் பாருங்கள், ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். நன்றாக ஆறிய பிறகுதான் கவிழ்க்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அன்றைக்கே முடித்துவிடுங்கள், தேங்காய்ப்பாலும் முட்டையும் இந்த வெக்கையில் இரவு தாண்டாது.

பால் பிழிந்த தேங்காய்ச் சக்கை மிஞ்சியிருக்கும். அதை வெறும் சட்டியில் மண்ணிறமாக வறுத்து, செத்தல் மிளகாய், உள்ளி, புளி, உப்போடு இடித்தால் இரவுப் பிட்டுக்குச் சம்பல்.

கச்சான் அல்வா

நம் ஊரில் கச்சான் என்றால் நிலக்கடலையும் உண்டு, காற்றும் உண்டு. இந்த இனிப்புக்கு இரண்டும் வேண்டும். வைகாசியில் இருந்து கச்சான் காற்று வீசும் காய்ந்த மாதங்களில் செய்தால் மொறுமொறுவென்று நிற்கும். மாரியில் செய்தால் அரை மணித்தியாலத்தில் பிசுபிசுத்துவிடும், அப்போது செய்து சீனியை வீணாக்க வேண்டாம்.

கோயில் திருவிழாக் கச்சான் கடையில் பிள்ளைகள் அடம்பிடிக்கும் அதே அல்வாதான். 250 கிராம் வறுத்துத் தோல் நீக்கிய கச்சானை வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டின் பின்பக்கத்திலும் ஒரு போத்தலிலும் தேங்காய் எண்ணெய் தடவித் தயாராக வையுங்கள். பாகு வந்த பிறகு இதையெல்லாம் தேட நேரம் இராது. 200 கிராம் சீனி, மூன்று மேசைக்கரண்டி தண்ணீர், ஐந்தாறு துளி தேசிக்காய்ச் சாறு. அடி தடித்த சட்டியில் மெல்லிய நெருப்பில் வைத்து, சீனி கரையும்வரை மட்டும் கிளறுங்கள். அதன் பிறகு கரண்டி படக்கூடாது, பட்டால் சீனி திரும்பக் கற்கண்டாகும். தேசிக்காய் போடுவதும் அதைத் தடுக்கத்தான்.

பாகு தேயிலைச் சாயம் போல் நிறம் மாறும்போது ஒரு துளியைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு எடுத்துக் கடியுங்கள். கண்ணாடி போல ‘டக்’ என்று உடைந்தால் பதம். பல்லில் ஒட்டினால் இன்னும் ஒரு நிமிடம். பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, கச்சானைக் கொட்டி நாலு கிளறு கிளறி, தட்டில் கவிழ்த்து, போத்தலால் உருட்டிப் பரப்புங்கள். சூடு இருக்கும்போதே எண்ணெய் தடவிய கத்தியால் கோடு போட வேண்டும், இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். ஆறியவுடனே இறுகிய மூடியுள்ள போத்தலில் அடையுங்கள். இந்தப் பாகு கையில் பட்டால் கொதிநீரைவிட மோசமாகச் சுடும், ஒட்டிக்கொண்டு உரியாது. சின்னப் பிள்ளைகளைக் குசினிக்கு வெளியே இருக்கச் சொல்லுங்கள், கச்சான் தோல் நீக்குவதை மட்டும் முதலே அவர்களிடம் கொடுக்கலாம். சட்டியைச் சுரண்டி மினக்கெட வேண்டாம், தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தால் பாகு தானே கரையும்.

தயிர்ச் சட்டி

கிண்ணியா, மூதூர் எருமைத் தயிர் மண்சட்டியில்தான் வரும். தயிர் முடிந்ததும் பல வீடுகளில் சட்டி குப்பைக்குப் போகிறது. அதை எடுத்து வையுங்கள்.

நல்ல சட்டியில் அடுத்த தயிரை நாமே உறைய வைக்கலாம். சட்டியைச் சவர்க்காரம் போடாமல், சுடுதண்ணீரும் தும்பும் கொண்டு தேய்த்து, ஒரு முழு நாள் வெயிலில் காயவிடுங்கள். மண் சவர்க்காரத்தை உறிஞ்சி வைத்திருந்து தயிரில் விடும். ஒரு லீற்றர் பாலைப் பொங்கக் காய்ச்சி, பத்து நிமிடம் மெல்லிய நெருப்பில் வற்றவிட்டு, விரலை வைத்துப் பத்து எண்ணும்வரை சூடு பொறுக்கும் நிலைக்கு ஆறியதும் ஒரு மேசைக்கரண்டித் தயிரைக் கரைத்துச் சட்டியில் ஊற்றுங்கள். ஆட்டாமல் ஆறு மணித்தியாலம். நீரைச் சட்டி உறிஞ்சிக்கொள்வதால் பிளாஸ்ரிக் பாத்திரத்தில் உறைவதைவிடக் கட்டியாக வரும். மேலே பனங்கட்டியைத் துருவித் தூவிக் கொடுங்கள்.

நாலைந்து தடவை பாவித்த பிறகு சட்டியில் புளித்த மணம் நின்றுவிடும். அப்போது அதை முற்றத்துக்குக் கொண்டுபோகலாம். ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, கவிழ்த்து வைத்து, ஆணியின் நுனியை அடியில் வைத்துச் சுற்றிச் சுற்றி அழுத்தினால் உடையாமல் ஓட்டை விழும். சுத்தியலால் அடித்தால் பிளக்கும். உள்ளே மண்ணும் காய்ந்த சாணமும் நிரப்பி, ஒரு கற்பூரவள்ளித் தடியை ஊன்றுங்கள், பிள்ளைகளின் தடிமனுக்கு இலை கையெட்டும் தூரத்தில் இருக்கும். ஓட்டை போடும்போது உடைந்துபோன சட்டியையும் கொட்டிவிடாதீர்கள். அடுத்த சட்டியின் ஓட்டைக்கு மேல் ஒரு ஓட்டுத் துண்டைக் கவிழ்த்து வைத்தால் மண் போகாது, தண்ணீர் மட்டும் வடியும்.